ஏழு பேர்ல நான் யாரு

இந்தக் காங்கேயம் பஸ் ஸ்டாண்டுக்குள்ள வண்டி நுழைஞ்சாலே நான் மூஞ்சியை இந்தப் பக்கம் திருப்பிக்குவனுங்க. அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்திக்கறீங்களா? காத்துக்கில்லைங்க. அந்தப் பக்கமா மாட்டாஸ்பத்திரிக்குப் போற ரோடு தெரியும். பாக்க வேண்டாம்னு பாக்கறேன்.

தாராபுரம் வரைக்குங்களா? நாங்களும் அங்கதானுங்க. முன்னாடி சீட்ல பச்சைச் சேலை கட்டிட்டு உக்காந்திருக்கறது எங்கம்மா. அதுக்குப் பின் சீட்ல, மடியில பழப்பையை வெச்சுட்டு வாயைத் தொறந்து தூங்கறாரே, அவர் குப்புசாமி மாமா. அம்மாவோட தம்பி. யூனியன் ஆபீஸ்ல முப்பது வருசம் இருந்தவரு. அவரைக் கேக்காம எங்கூட்ல ஒரு வாழைக்கன்னு நடமாட்டாங்க. நானு மோகனசுந்தரம். கோபியில சொட்டு நீர்ப்பாசன சாமான் கடை வெச்சிருக்கேன். ட்யூப்பு, வால்வு, பில்டரு, எல்லாம்.

பொண்ணு பாக்கத்தானுங்க போறோம். முப்பத்தாறு ஆச்சு. சிரிக்காதீங்க, எங்க பக்கம் இதெல்லாம் ஒரு வயசே இல்லை. இதோட இருபத்தெட்டாவது பொண்ணு. இருபத்தேழாவது இந்த ஊர்லதானுங்க. அதைத்தான் சொல்ல வந்தேன். நீங்களே நாயம் சொல்லுங்க. தப்பு என் மேலயா, அந்தப் புள்ள மேலயா?

அது பேரு கௌசிகா. மாட்டு டாக்டரு. இங்கதான் வேலை. முப்பத்தொண்ணு வயசு. ஜாதகம் பத்துக்கு எட்டுப் பொருத்தம். சோசியரே ஒரு தடவைக்கு ரெண்டு தடவை எண்ணிப் பார்த்தாரு. ஆனி மாசம் கடைசியில நாங்க மூணு பேரும் வந்தோம். வடை, காப்பி, எல்லாம் ஆச்சு. பெரியவங்க பேசிட்டிருக்கட்டும், நீங்க ரெண்டு பேரும் அப்படிப் போய்ப் பேசிட்டு வாங்கன்னாங்க. போனோம். கட்டுத்தறிக்குப் பக்கத்துல நின்னோம்.

அந்தப் புள்ள எடுத்ததும் கேட்டுச்சு: "சாயங்காலத்துல என்ன பண்ணுவீங்க?"

"கடையைச் சாத்திட்டு வூட்டுக்கு வந்துருவனுங்க."

"வந்து?"

"வந்து... வந்துருவனுங்க."

அதுக்கு மேல என்னத்தைச் சொல்றது? ஒரு மனுசன் நேரா வூட்டுக்கு வர்றான்னா அது நல்ல பழக்கமில்லைங்களா? தண்ணி இல்லை, சீட்டு இல்லை. ஆனா அந்தப் புள்ள மூஞ்சியில ஒண்ணும் தெரியலை. மாட்டோட காதை மடக்கி உண்ணி பாத்துட்டே சொல்லுச்சு. "எனக்கு ஒரு பழக்கம் இருக்குங்க. இப்பவே சொல்லிடறேன். சாயங்காலம் ஏழு மணிக்கு ஒரு கேம் விளையாடுவேன். ஏழுகோட்டைன்னு பேரு. போன்லதான். நாலஞ்சு ஊர்க்காரங்க சேர்ந்து உள்ள போய், காடு மலையெல்லாம் தாண்டி ஒவ்வொரு கோட்டையாப் புடிக்கணும்."

"சரிங்க" அப்படின்னேன். நான் எல்லாத்துக்கும் சரிதானுங்க. எதுத்துப் பேசறவன் இல்லை.

"நீங்களும் ஒரு மாசம் வாங்களேன். பொண்ணு பாக்கற அன்னிக்கு எல்லாரும் நல்லவங்களாத்தான் இருக்காங்க. போன்ல பேசினா சாப்டாச்சாங்கறதுக்கு மேல நகர மாட்டேங்குது. அதுல கூட வந்தா ஒருத்தர் எப்படின்னு தெரிஞ்சுரும். நான் உள்ள நுழையற கேட்டுலயே நிக்கறேன். வந்தீங்கன்னா வழி காட்டறேன்."

இதெல்லாம் ஒரு கண்டிசனுங்களா? நகை கேக்கற பொண்ணைப் பார்த்திருக்கேன். தனிக்குடித்தனம் கேக்கற பொண்ணைப் பார்த்திருக்கேன். பெங்களூருக்கு வரணும்னு ஒண்ணு, மாமியா இருக்கக்கூடாதுன்னு ஒண்ணு. விளையாட வாங்கன்னு கூப்பிட்டது இது ஒண்ணுதான். வர்ற வழியில அம்மாகிட்டச் சொன்னேன். "நல்ல புள்ளதான் கண்ணு. போனைக் கையில குடுத்தா ஒரு மூலையில உக்காந்துக்கும். வம்புதும்பு இருக்காது" அப்படின்னுச்சு. மாமா மட்டும், "கேம்ல கட்டம் ஏதாச்சும் இருக்குதா?"ன்னாரு. அவருக்குத் தெரிஞ்சது தாயம் ஒண்ணுதான்.

அன்னிக்குச் சாயங்காலமே போன்ல ஏத்திட்டனுங்க. நான் ஒண்ணும் தட்டிக் கழிக்கலை, அதைக் குறிச்சுக்குங்க. அன்னிக்கே ஏத்தினேன். தொறந்தா, முரசு அடிக்கற சத்தம். இருட்டா ஒரு மண்டபம். வெளிச்சம் வந்தா ஏழு பேர் வரிசையா நிக்கறாங்க. மேல எழுத்து வருது, நீ யாருன்னு. இங்கிலீசுல, நான் தமிழ்ல சொல்றேன். மொதல்ல நிக்கறவன் வாள் வீரன். அடுத்தது வில்லு வெச்சிருக்கறவன். அப்புறம் மந்திரவாதி, வைத்தியரு, திருடன், பாட்டுக்காரன். கடைசியில ஒருத்தன் நின்னான், அவனைப் பத்தி அப்புறம் சொல்றேன். ஒவ்வொருத்தனையும் லேசாத் தொட்டா முன்னாடி வந்து நின்னு ஒரு சுத்துச் சுத்திக் காமிக்கறான், அமுத்திப் புடிச்சா அவனேதான் நாம. ஜவுளிக் கடையில சேலையை விரிச்சுக் காட்டற மாதிரி. கீழ சிவப்புல ஒரு வரி: இதை அப்புறம் மாத்த முடியாது.

அந்த வரிதானுங்க. அது மட்டும் இல்லைன்னா நான் அப்பவே ஒண்ணை அமுத்தியிருப்பேன். மாத்த முடியாதுங்கறபோது ஒரு நிதானம் வேண்டாமுங்களா? அவசரப்பட்டு எதுலயாச்சும் கை வெச்சுட்டு அப்புறம் காலம் பூரா முழிக்கறதா? நான் அம்மாவைக் கூப்பிட்டேன்.

அம்மா கண்ணாடி போட்டுட்டு வந்து ஏழு பேரையும் பார்த்துச்சு. "இவன் நல்லா செவப்பா இருக்கறான்"னு வில்லுக்காரனைக் காட்டுச்சு. அப்புறம் அவன் தோள்பட்டை போதாதுன்னுச்சு. மந்திரவாதியை வேண்டவே வேண்டாம், செய்வினை வெக்கறவன் நம்ம வூட்டுக்குள்ள வரக்கூடாதுன்னுச்சு. நான் வைத்தியரைக் காட்டினேன். "டாக்டருக்கு டாக்டரு, பொருத்தமா இருக்குமேம்மா." அம்மா கண்ணாடியை ஏத்தி விட்டுக்குச்சு. "வைத்தியம்னா எல்லாரையும் தொட்டுப் பாக்கணும்ல? யாரு என்ன ஆளுங்கன்னு தெரியாம?" அப்படின்னுச்சு. எங்கம்மா நல்லவங்கதானுங்க. அந்தக் காலத்து ஆளு. கேம்க்குள்ள என்ன ஆளுங்கன்னு எப்படிம்மா தெரியும்னு கேட்டேன். "அதுதான் கண்ணு, தெரியாதுல்ல" அப்படின்னுச்சு. அதுக்கு மேல என்ன பேசறது?

மறு நாள் மாமா வந்தாரு. நல்ல சட்டை போட்டுட்டு, நாற்காலியில உக்காந்து, போனை ரெண்டு கையிலயும் புடிச்சுட்டுப் பார்த்தாரு. யூனியன் ஆபீஸ்ல மனு பாக்கற மாதிரி. "பாட்டுக்காரன் எதுக்கு இதுல?"ன்னு கேட்டாரு. பாட்டுப் பாடுவான், கூட இருக்கறவங்களுக்குத் தெம்பு வரும்னேன். "சம்பாத்தியம்?" அப்படின்னாரு. அவன் போயிட்டான். வாள் வீரன் தேவலை, நெஞ்சு நிமுந்து நிக்கறான், சபையில சொல்லிக்கலாம்னாரு. ஆனா சண்டைக்காரனைப் பார்த்தா பொண்ணு வூட்ல பயந்துக்குவாங்களோன்னு அவருக்கே ஒரு ரோசனை. "எதுக்கும் அந்தப் பொண்ணு என்ன எடுத்திருக்குதுன்னு கேளு மாப்ளே. அதை வெச்சு நாம எடுக்கலாம்."

கேட்டனுங்க. மெசேஜ் போட்டேன். பதில் வந்துச்சு: திருடி.

எழுத்துப் பிழையா இருக்கும்னு திரும்பக் கேட்டனுங்க, இல்லையாம். அதுல அது வெச்சிருக்கற பேரு வேற, கோழித்திருடி. நான் மாமாகிட்டச் சொல்லாம இருந்திருக்கணும். சொல்லிட்டேன். அவரு எந்திரிச்சு நின்னுட்டாரு. "நல்ல குடும்பத்துப் பொண்ணு, கவர்மெண்டு சம்பளம் வாங்கற புள்ள, ஏழுல தேடி எடுத்தது திருட்டா?"

நான் அந்தப் புள்ளைக்கு நல்லது சொல்லணும்னுதான் போன் போட்டேன். பதமாத்தான் சொன்னனுங்க. "நீங்க வெளியிலயே டாக்டருதானுங்களே. அதுலயும் வைத்தியரா இருந்துக்கலாமே. மரியாதையா இருக்கும்."

அந்தப் புள்ள சொல்லுச்சு: "பகல் பூரா மாட்டு வயித்துக்குள்ள தோள் வரைக்கும் கையை விட்டுட்டு வர்றேங்க. சாயங்காலமாச்சும் எதையாவது திருடறனே."

சொல்லிட்டுச் சிரிச்சுச்சு. எனக்கு அதுல சிரிக்க என்ன இருக்குதுன்னு தெரியலை. இருந்தாலும் நானும் சிரிச்சேன். அனுசரிச்சுப் போறவன் நானு.

"நீங்க இன்னும் எதையும் தொடலையா?"

"பாத்துட்டிருக்கறனுங்க."

"சும்மா ஒண்ணைத் தொடுங்க. எதை எடுத்தாலும் விளையாடலாம்."

பாத்தீங்களா, எவ்வளவு சுலபமாச் சொல்லிடுது. எதை எடுத்தாலும்! நான் அந்த வாரம் பூரா உக்காந்து ஒரு அட்டவணை போட்டேன். ஆறு பேருக்கும் நல்லது என்ன, கெட்டது என்ன, முன்னால போறவனா, பின்னால நிக்கறவனா, எதுக்குச் சீக்கிரம் சாவான், எல்லாம். கடைசி ஆளை அதுல சேக்கலை. டைப் அடிச்சு, நாலு பக்கம். அதுக்கு அனுப்பி வெச்சேன், உங்க அபிப்பிராயம் சொல்லுங்கன்னு. என்ன பதில் வந்துச்சு தெரியுங்களா? கட்டை விரலு. நாலு பக்கத்துக்கு ஒரு கட்டை விரலு! நானா இருந்தா அஞ்சு பக்கத்துக்குப் பதில் போட்டிருப்பேன்.

சரி, இனிச் சோசியர்தான்னு போனோம். அவரு பெரிய மனுசன், இதெல்லாம் என்னன்னு ஒரு கேள்வி கேக்கலை. ஆறு பேரையும் எழுதிக் குடுத்தேன், வாங்கி ஜாதகத்து மேல வெச்சாரு. "அனுச நட்சத்திரம், விருச்சிக ராசி. அதிபதி செவ்வாய். ஆயுதம்தான் எடுக்கணும், வாளு. ஆனா சனி பாக்கறான். ரத்தம் பாக்கக்கூடாது." ரத்தம் பாக்காத வாள் வீரன் எப்படீங்கன்னு அம்மா கேட்டுச்சு. "எடுக்கட்டும். வீச வேண்டாம்"னாரு. அப்புறம் பஞ்சாங்கத்தைத் திருப்பினாரு. "நாளையோட ஆனி முடியுது. ஆடியில புதுசா எதையும் தொடங்கக்கூடாது. ஆவணி பொறக்கட்டும்."

ஆக, என்ன எடுக்கணும்ங்கறது முடிவாயிருச்சு. எப்ப எடுக்கணும்ங்கறதும் முடிவாயிருச்சு. எனக்கு மனசுல இருந்த பாரம் எறங்கின மாதிரி இருந்துச்சுங்க. உடனே அந்தப் புள்ளைக்கு மெசேஜ் போட்டேன்: ஆடி கழிஞ்சு வர்றேன். வாள் வீரனா வர்றேன்.

ரெண்டு நாளு பதிலே இல்லை. அப்புறம் வந்துச்சு: "விளையாட்டுக்குமா ஆடி?"

நான் நல்ல விதமாத்தான் எழுதினேன். பெரியவங்க சொன்னா ஒரு அர்த்தம் இருக்கும்னு.

அந்த ஆடி மாசம் இருக்குதே, அதுல என்னை ஒண்ணும் கொறை சொல்ல முடியாதுங்க. தெனம் காலையில குட் மார்னிங் போட்டேன். பூப்படத்தோட. மத்தியானம் சாப்டாச்சான்னு கேட்டேன். ஒரு நாள் விட்டதில்லை. சாயங்காலம் ஏழு மணிக்கு நானும் கேமைத் தொறப்பேன். உள்ள போக மாட்டேன், அந்த ஏழு பேரையும் பாத்துட்டிருப்பேன். வாள் வீரனைத் தொடுவேன், சுத்துவான். வில்லுக்காரனைத் தொடுவேன், சுத்துவான். உண்மையைச் சொன்னா பாட்டுக்காரன்தான் எனக்கு... அதை விடுங்க. அவன் கையில ஒரு சின்ன பறை வெச்சிருப்பான், தொட்டா ஒரு தாளம் போடுவான். ஒரு இருவது தடவையாச்சும் தொட்டிருப்பேன். அம்மா அடுப்படியில இருந்து, "யாரு கண்ணு செத்துட்டாங்க?"ன்னு கேக்கும். போனை அமுத்திருவேன்.

ஆடி பதினெட்டு வந்துச்சு. அந்தப் புள்ளையே மெசேஜ் போட்டுச்சு. "இன்னிக்குப் பதினெட்டு. எதை ஆரம்பிச்சாலும் பெருகும்னு சொல்லுவாங்க. எங்கம்மாவும் சொன்னாங்க. இன்னிக்கு வாங்களேன்." எனக்கும் ஒரு ஆசைதான். சோசியருக்குப் போன் போட்டேன். பதினெட்டு ஊருக்கு நல்ல நாளு, எனக்கு மட்டும் சந்திராஷ்டமம்னாரு. நான் என்ன பண்ணட்டும்? சந்திரனை நானா அங்க கொண்டு போய் வெச்சேன்?

வரலைன்னு சொன்னதும் அந்தப் புள்ளை கூப்பிட்டுச்சு. அதுவா கூப்பிட்டது அது ஒரு தடவைதான். ஆத்தோரம் நின்னு பேசுச்சு போல, பின்னாடி தண்ணிச் சத்தமும் சனங்க சத்தமும் கேட்டுச்சு.

"மோகன், ஒண்ணு கேக்கறேன். அம்மாகிட்ட, மாமாகிட்ட, யாருகிட்டயும் கேக்காமச் சொல்லுங்க. அந்த ஏழு பேர்ல உங்களுக்கு யாரைப் புடிச்சிருக்குது?"

பேர் சொல்லிக் கூப்பிட்டுச்சுங்க. எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. பக்கத்துல அம்மா வேற உக்காந்திருக்குது, என்னவாம் என்னவாம்னு கையை ஆட்டிட்டு. இந்த மாதிரி நேரத்துல என்ன சொல்லணும்னு எனக்குத் தெரியும். இதை விட ஒரு பொண்ணுகிட்ட யாரும் நல்லதாச் சொல்லிட முடியாது, பாருங்க. நான் சொன்னேன்:

"உங்களுக்கு யாரைப் புடிக்குதோ அவனாத்தான் நான் இருப்பேன்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் வெறும் தண்ணிச் சத்தம். அப்புறம், "சரிங்க"ன்னுச்சு. வெச்சிருச்சு.

சரிங்க! நீங்களே சொல்லுங்க, சரிங்கன்னா என்ன அர்த்தம்? சரின்னுதான அர்த்தம்? நான் அம்மாகிட்டச் சொன்னேன், புள்ளை சரின்னு சொல்லிருச்சுன்னு. அம்மா உடனே சாமி ரூம்புக்குப் போயிருச்சு. மாமா மண்டபம் விசாரிக்க ஆரம்பிச்சுட்டாரு.

அதுக்கப்புறம் அந்தப் புள்ளைகிட்ட இருந்து பதில் வர்றது கொறைஞ்சு போச்சு. ஆடியில மாட்டுக்குச் சீக்கு சாஸ்தி, வேலையா இருக்கும்னு நெனச்சுக்கிட்டேன். நான் பாட்டுக்குப் பூப்படம் போட்டுட்டே இருந்தேன்.

ஆவணி பொறந்துச்சு. மொத முகூர்த்த நாளு, காலையில ஆறே முக்காலுக்கு மேல ஏழே காலுக்குள்ள. அம்மா மணைப்பலகையைக் கழுவிக் கோலம் போட்டு, அது மேல போனை வெச்சுச்சு. பொட்டு வெச்சுச்சு. சூடம் காட்டும்போது சார்ஜர் வயர் கருகிருமோன்னு நான் புடுங்கிட்டேன். அதுக்கு ஒரு திட்டு. மாமா பட்டு வேட்டியில வந்தாரு. ஏழு பேரும் வரிசையா நிக்கறாங்க. முரசு அடிக்குது. "தொடு மாப்ளே"ன்னாரு.

நான் விரலை நீட்டினனுங்க. நீட்டினேன். அந்தச் செவப்பு வரி தெரியுது. இதை அப்புறம் மாத்த முடியாது. விரலு அப்படியே நின்னு போச்சு. ஏழு பத்து. ஏழு பன்னண்டு. "நேரம் போகுது கண்ணு"ன்னு அம்மா அழுகற மாதிரி ஆயிருச்சு. நான்தான் சொன்னேன், "மாமா, நீங்க ராசியான கை. நீங்களே தொட்டுருங்க."

மாமாவோட கட்டை விரலைப் பார்த்தீங்களா? இப்ப எந்திரிச்சாருன்னா பாருங்க. முப்பது வருசம் முத்திரை குத்தின விரலு. அது ஒருத்தனைத் தொடற விரல் இல்லை, ஒரே நேரத்துல மூணு பேரைத் தொடற விரலு. அப்படியே அமுத்திக் குத்தினாரு. திரை கொஞ்சம் நகுந்துச்சு. ஒருத்தன் முன்னாடி வந்து நின்னான்.

கடைசி ஆளுங்க. சொன்னனில்லைங்களா, அப்புறம் சொல்றேன்னு. அவனுக்குப் பேரே ஒண்ணுமில்லாதவன்னுதான். வாள் இல்லை, வில்லு இல்லை, மந்திரம் இல்லை. இடுப்புல ஒரு கோவணம், கையில ஒரு குச்சி. அவ்வளவுதான். எதுலயும் சேராதவனுக்கு அதுல ஒரு வேசம் வெச்சிருக்கறாங்க. மாமா பதறிப் போயித் தொடைச்சுத் தொடைச்சுப் பாக்கறாரு, வேட்டி நுனியால. மாறலை. அம்மா மணைப்பலகைக்குப் பக்கத்துல உக்காந்து, "என் ஒத்தைப் புள்ளை, கோவணத்தோட நிக்கறானே"ன்னு அழுவுது. மாமா வேட்டி நுனியைக் கீழ விட்டாரு. அப்புறம் தொண்டையைச் செருமிட்டுச் சொன்னாரு:

"எதுக்கு அழுவறே? பழனியில ஆண்டவரே அப்படித்தான நிக்கறாரு?"

அம்மா கண்ணைத் தொடைச்சுக்குச்சு. கும்பிட்டுக்குச்சு.

சரி, ஆனது ஆச்சுன்னு உள்ள போனேன். ஒரு பெரிய கேட்டு. உள்பக்கம் ஒரு கல்லுப் பாவின வாசல், நாலஞ்சு பேரு வர்றாங்க போறாங்க. அவங்க தலைக்கு மேல பேரு தெரியுது. நான் கோழித்திருடியைத் தேடினேன். இல்லை. காலையாச்சே, சாயங்காலம்தான வரும்னு நெனச்சு, மறுபடி ஏழு மணிக்குப் போனேன். இல்லை. ஒருத்தன் பக்கத்துல வந்தான். மயிலைக்காளைன்னு பேரு, பெரிய வாளு வெச்சிருந்தான். எழுத்துலதான் பேசிக்கறது.

"புதுசா ப்ரோ? யாரைத் தேடறீங்க?"

"கோழித்திருடி இருக்காங்களா?"

அவன் என்னை ஒரு சுத்துச் சுத்தி வந்து பார்த்தான். அப்புறம், "நீங்கதானா அது?"ன்னான்.

"எது?"

"ஒரு மாசமா அக்கா இந்தக் கேட்டுலயேதான் உக்காந்திருந்தாங்க ப்ரோ. தெனம் ஏழு மணிக்கு வருவாங்க. யாராச்சும் புதுசா உள்ள வந்தா எந்திரிச்சுப் போயிப் பேரு பாப்பாங்க. திரும்ப வந்து உக்காந்துக்குவாங்க. நாங்க கோட்டைக்குக் கூப்பிட்டா வர மாட்டாங்க, ஒருத்தர் வரணும்னு சொல்லுவாங்க. புதுசா வர்றவருக்குன்னு ஒரு செருப்பு, ஒரு போர்வை, கொஞ்சம் மருந்தெல்லாம் திருடி வெச்சிருந்தாங்க. ஆடி பதினெட்டுக்கு மறு நாளு அதையெல்லாம் வர்ற போறவங்களுக்குக் குடுத்துட்டாங்க. அன்னிக்கே எங்க ஆளுங்க கூடக் கிளம்பிட்டாங்க. இப்ப நாலாவது கோட்டையில இருக்காங்க. புது ஆளுங்க அங்க வர முடியாது ப்ரோ."

நான் அதை மேல இருந்து மறுபடி படிச்சேன். அப்புறம் அவன் கேட்டான், "ப்ரோ, ஏன் இந்த வேசத்தை எடுத்தீங்க? இது ரொம்ப தைரியசாலிங்கதான் எடுப்பாங்க." நான் போனை அணைச்சுட்டேன்.

மூணாம் நாளு தரகர் வந்து சொல்லிட்டாரு. பொண்ணு வூட்ல வேண்டாங்கறாங்க, காரணம் சொல்லலைன்னு. காரணம் இருந்தாத்தான சொல்லுவாங்க? பதினெட்டு நாளு பொறுத்த புள்ளைக்கு இன்னொரு பதினாலு நாளு பொறுக்க முடியலை. அவ்வளவுதான் பொறுமை. கல்யாணம் பண்ணி நாளைக்கு ஒரு கஷ்டம் வந்தா என்ன பண்ணும் அது? செருப்புத் திருடி வெச்சேன், போர்வை திருடி வெச்சேன்னா, அதை எங்கிட்டச் சொல்லியிருக்கணுமா இல்லையா? சொல்லியிருந்தா நான் சோசியர்கிட்ட எடுத்துச் சொல்லியிருப்பேன். ஏதாச்சும் பரிகாரம் பண்ணிட்டு முன்னாடியே போயிருக்கலாம்.

இல்லைங்க, கண்ணுல தூசி. ஜன்னலைச் சாத்தச் சொன்னது அதுக்குத்தான்.

நான் ஒரு மெசேஜ் போட்டனுங்க. சண்டை போடலை, ஒண்ணும் கேக்கலை. "நான் வந்துட்டேன். கேட்டுல நிக்கறேன்"னு மட்டும் போட்டேன். நாலு நாளு கழிச்சுப் பதில் வந்துச்சு. மனப்பாடமா இருக்குது. "சந்தோசம்ங்க. நின்னுட்டே இருக்காதீங்க. வெளிய போங்க. மொதல்ல ஓநாய் வரும், அனேகமாச் செத்துப் போவீங்க. ஒண்ணும் ஆகாது. அதே எடத்துல திரும்ப எந்திரிச்சுக்கலாம்."

ஒரு மனுசனைப் பார்த்துச் செத்துப் போவீங்கன்னு எழுதலாமுங்களா? அதுவும் வெள்ளிக்கிழமையில? அம்மாவுக்குப் படிச்சுக் காமிச்சேன். நல்ல வேளை கண்ணு, தப்பிச்சோம்னுச்சு.

இப்பப் பாக்கப் போற எடம் நல்ல எடம்ங்க. பொண்ணு பி.காம். போன்ல கேம் இருக்குதான்னு மாமா மொதல்லயே கேட்டுட்டாரு. அதெல்லாம் தெரியாதுங்க, எல்லாமே அவங்கப்பா சொல்றதுதானுங்களாம். அந்தப் பொண்ணுகிட்ட என்ன புடிக்கும்னு கேட்டாக்கூட அப்பா மூஞ்சியத்தான் பாக்குமாம். எங்களுக்குச் சரியா இருக்கும்னு எல்லாரும் சொல்றாங்க.

கேமை அழிச்சாச்சான்னு கேக்கறீங்களா? இல்லைங்க. மாமா அழிக்கச் சொன்னாரு. அழிச்சுட்டன்னு சொல்லி வெச்சிருக்கேன். அவர்கிட்ட நான் சொன்ன பொய்யி இந்த ஒண்ணுதான். சாயங்காலம் கடையைச் சாத்திட்டு ஒரு பத்து நிமிசம் தொறப்பேன். மாசம் ரெண்டு ஆச்சு. கேட்டுல எல்லாருக்கும் என்னைத் தெரியும். கோவணத்தார்னு கூப்பிடுவாங்க. குளுரும் போல அங்க, ஆளு நடுங்கிட்டே நிக்கறான். மயிலைக்காளை ரெண்டு தடவை கூப்பிட்டான், வாங்க ப்ரோ, ஓநாய்க்கிட்ட நான் காப்பாத்தறேன்னு. நல்ல மனுசன்.

ஓநாய்க்கு நான் பயப்படலைங்க. அதைத் தப்பா நெனக்காதீங்க. கேட்டைத் தாண்டினா வழி ரெண்டாப் பிரியுது. எடது பக்கம் ஒண்ணு காட்டுக்குள்ள போகுது, வலது பக்கம் ஒண்ணு ஆத்தோரமாப் போகுது. எது எங்க போய்ச் சேரும்னு ஒரு போர்டு கூட வெக்கலை. ஒரு வழியில போனா திரும்ப விடுவாங்களா இல்லையான்னும் தெரியலை. மாமாவைக் கேக்கலாம்னா, அழிச்சுட்டன்னு சொல்லித் தொலைச்சுட்டேன்.

தாராபுரம் வந்துருச்சு பாருங்க, அம்மா எந்திரிக்குது. நீங்க பாத்தா நாலு எடம் போய் வந்தவராட்டத் தெரியறீங்க. எறங்கறதுக்கு முன்னாடி ஒண்ணு மட்டும் சொல்லிட்டுப் போயிருங்க. நீங்களா இருந்தா எந்தப் பக்கம் போவீங்க?